வடம் பிடிக்க மறுத்த கைகள்

போளூரிலிருந்து சேத்துப்பட்டு போகும் சாலையில் இருக்கிறது தேவிகாபுரம். ஊருக்குள் பெரியநாயகி அம்மன் கோயில், பக்கத்திலேயே கனககிரீசுவரர் மலை. ஆரணிப் பட்டு என்று கடைகளில் விற்கும் சேலைகளில் ஒரு பங்கு இந்த ஊர்த் தறிகளிலும் நெய்யப்படுவதுதான். தறிக்காரர் ஒருவர் தனி ஆளாகப் பிழைக்க முடியாது. பாவு ஓட்டத் தெருவில் நாலு கை வேண்டும். பட்டும் சரிகையும் தருவதற்கு ஒரு முதலாளி வேண்டும். கூலிக்கு முன்பணம் வேண்டும். கைகொடுக்கும் பக்கத்து வீட்டுக்காரரும், நூல் கொடுக்கும் முதலாளியும், கடன் கொடுப்பவரும் திருவிழா வந்தால் கோயில் வாசலில்தான் நிற்பார்கள்.

இப்படிப்பட்ட நெசவு ஊர் ஒன்றில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். அந்த வீட்டார் திரித்துவத்தை நம்புவதோ உயிர்த்தெழுதலை நம்புவதோ தெருவில் யாரையும் உறுத்தாது. கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி வசூலிக்க நோட்டோடு ஆள் வரும்போதுதான் சிக்கல் தொடங்கும். வரி கொடுத்தால் சபையில் பேச்சு; கொடுக்காவிட்டால் ஊரில் பேச்சு. தேர் வடத்தைத் தொடுவதா, பூசை போட்ட பொங்கலை வாங்குவதா, கூழ் ஊற்றுவதற்குக் கேழ்வரகு அளப்பதா என்று எல்லாமே இப்படிச் சின்னச் சின்னக் கேள்விகளாகத்தான் வரும். ரோமப் பேரரசு தொடக்ககாலக் கிறிஸ்தவர்களிடம் நீண்ட விவாதம் எதையும் எதிர்பார்க்கவில்லை. பேரரசரின் உருவத்துக்கு முன் ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டால் போதும் என்றது. பெரும்பான்மை கேட்பது எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும். மறுப்பவர் பிடிவாதக்காரராகத் தெரிவதற்கும் அதுவே காரணம்.

சடங்கில் சேர மறுக்கலாமா என்ற இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டில் முதலில் அரசாங்கக் கோப்புக்குள் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள். அதுவும் ஆளும் தரப்புக்குள்ளேயே கிளம்பிய ஒரு சண்டையாக.

கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக் கோயில்களைத் தன் பொறுப்பில் வைத்திருந்த காலம் அது. 1790-களில் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் காஞ்சிபுரம் கோயில் நிர்வாகத்தைத் தானே கையிலெடுத்தார். 1817-ஆம் ஆண்டின் 7-ஆவது ரெகுலேஷன் கோயில் சொத்துகளின் மேற்பார்வையை ரெவின்யூ போர்டிடம் ஒப்படைத்தது. தேர் இழுக்க ஆள் திரட்டுவது தாசில்தாரின் வேலைகளில் ஒன்றானது. குடியானவர்களைக் கிராமம் கிராமமாக அழைத்துவந்து வடத்தில் நிறுத்தினார்கள். திருவிழாக்களுக்குப் படை அணிவகுத்து மரியாதை செலுத்தியது, குண்டு முழங்கியது. படையின் மேளக்காரர்களிலும் சிப்பாய்களிலும் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். அவர்களும் வரிசையில் நின்றாக வேண்டும்.

1836-இல் சுமார் 200 பேர் கையெழுத்திட்ட மனு ஒன்று அரசாங்கத்துக்குப் போனது. குருமார்கள், மிஷனரிகள், சிவில் அதிகாரிகள், ராணுவ அதிகாரிகள் என எல்லாத் தரப்பினரும் கையெழுத்திட்டிருந்தார்கள். சென்னையின் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் காரி அதை அனுப்பிவைத்தார். மனசாட்சிக்கு விரோதமான சடங்குகளில் கிறிஸ்தவ ஊழியர்களைக் கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது கோரிக்கை. அரசாங்கம் பேராயரைக் கண்டித்தது. சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் பெரிக்ரின் மெய்ட்லண்ட், இந்தக் கட்டாயத்தைத் தன் கையால் அமல்படுத்த மனமில்லாமல் 1838-இல் பதவியை விட்டு விலகினார்.

மெய்ட்லண்டின் விலகல் இங்கிலாந்தில் பெரிய பேச்சானது; கம்பெனி மெல்லமெல்லக் கோயில் நிர்வாகத்திலிருந்து கையை எடுத்தது; 1863-ஆம் ஆண்டின் 20-ஆவது சட்டம் அதை முடித்துவைத்தது. ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. மெய்ட்லண்ட் பின்னாளில் கேப் காலனியின் ஆளுநர் ஆனார். தாசில்தாரின் பிரம்புக்குப் பயந்து வடம் பிடித்த குடியானவர் கிறிஸ்தவரோ இந்துவோ, விலகுவதற்கு அவருக்குப் பதவி ஏதும் இல்லை. மனசாட்சியின் வரலாற்றில் பெயரோடு நிற்பவர்கள் பெரும்பாலும் விலக வழி இருந்தவர்கள்.

சுமார் 150 ஆண்டுகள் கழித்து அதே கேள்வி கேரளத்தில், கோட்டயம் பக்கம் கிடங்ஙூரில் ஒரு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. அங்கே படித்த மூன்று பிள்ளைகள், ஒரே வீட்டுப் பிள்ளைகள், காலை வழிபாட்டில் தேசிய கீதம் ஒலிக்கும்போது எழுந்து நிற்பார்கள். வாய் திறந்து பாட மாட்டார்கள். அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்தவர்கள். எந்த நாட்டின் கீதத்தையும் பாடுவது தங்கள் கடவுளுக்குச் செய்யும் துரோகம் என்று அந்தப் பிரிவினர் கருதுகிறார்கள். பல ஆண்டுகள் இது யாரையும் உறுத்தவில்லை. 1985-இல் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கண்ணில் பட்டு, சட்டமன்றத்தில் கேள்வியாகி, விசாரணைக் குழுவாகி, கடைசியில் ஜூலை 26 அன்று பிள்ளைகளைப் பள்ளியைவிட்டு நீக்கினார்கள். பிள்ளைகள் ஒழுக்கமானவர்கள், கீதத்துக்கு அவமரியாதை காட்டவில்லை என்று விசாரணைக் குழுவே சொல்லியிருந்தது. அந்த அறிக்கைக்குப் பிறகும் நீக்கம் நடந்தது.

கேரள உயர் நீதிமன்றம் இரண்டு முறை கைவிரித்தது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி 1986 ஆகஸ்ட் 11 அன்று தீர்ப்பு எழுதினார். பாடித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை; மரியாதையாக எழுந்து நிற்பவர் கீதத்தை அவமதிக்கவில்லை; பேச்சுரிமைக்குள் மௌனமும் அடங்கும். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பின் சாரம் இது. பிள்ளைகளின் நம்பிக்கை நமக்குச் சரியாகப் படுகிறதா என்பது கேள்வியே இல்லை, அது உண்மையாகவும் மனசாட்சியோடும் கொள்ளப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும் என்றது தீர்ப்பு. இந்த வழக்கு கேரளத்தின் பெரிய திருச்சபைகளுக்கும் சங்கடம்தான். யெகோவாவின் சாட்சிகள் திரித்துவத்தை ஏற்காதவர்கள். கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் அவர்களைக் கிறிஸ்தவர்களாகவே எண்ணுவதில்லை. சிறுபான்மைக்குள் சிறுபான்மையான மூன்று பிள்ளைகள் வாங்கிய தீர்ப்பின் நிழலில் இன்று எல்லாச் சபைகளும் ஒதுங்கிக்கொள்ளலாம்.

அமெரிக்காவிலும் இதே பிரிவினர்தான் சட்டத்தை அசைத்தார்கள். கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்த மாணவர்களுக்கு எதிராக 1940-இல் எட்டுக்கு ஒன்று என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மூன்றே ஆண்டுகளில், உலகப் போர் உச்சத்தில் இருக்கும்போதே, அதைத் தானே திருத்திக்கொண்டது.

இந்திய நீதிமன்றம் போன திசை வேறு. சாமுவேல் கமலேசன் 2017-இல் ராணுவத்தில் 3-ஆவது குதிரைப்படை ரெஜிமெண்டில் சேர்ந்த அதிகாரி. அவர் பொறுப்பில் இருந்தவர்கள் சீக்கிய வீரர்கள். ரெஜிமெண்டில் கோயிலும் குருத்வாராவும் இருந்தன. வாரந்தோறும் நடக்கும் வழிபாட்டு அணிவகுப்பில் கமலேசன் தன் வீரர்களோடு போவார், காலணியைக் கழற்றுவார், முற்றத்தில் நிற்பார். கருவறைக்குள் மட்டும் நுழைய மறுத்தார். பூசையில் பங்கெடுப்பது தன் விசுவாசத்துக்கு ஒவ்வாது என்றார். 2021-இல் ஓய்வூதியமோ பணிக்கொடையோ இல்லாமல் அவரைப் பணிநீக்கம் செய்தார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மே மாதத்திலும், உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பர் 25-லும் அந்த முடிவை உறுதிசெய்தன.

சிப்பாய்க்கும் பள்ளிப் பிள்ளைக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ளலாம். போர்க்களத்தில் தன் பின்னால் வரப்போகும் வீரர்களின் மனநிலை ஒரு அதிகாரிக்கு முக்கியம் என்ற ராணுவத்தின் வாதம் வெறும் சாக்கு இல்லை. நெருடுவது வேறொன்று. உள்ளே போவதில் தவறில்லை என்று பாதிரியார் ஒருவரே கமலேசனுக்கு எடுத்துச் சொல்லியும் அவர் கேட்கவில்லை என்பது உச்ச நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக எடுத்துக்காட்டப்பட்டது. 1986-இல் கேள்வி, இந்த மனிதர் உண்மையாக நம்புகிறாரா என்பது. 2025-இல் கேள்வி, இவருடைய மதத்தில் மற்றவர்கள் இப்படி நம்புகிறார்களா என்று மாறிவிட்டது. இரண்டாவது கேள்வியைக் கேட்டால், தன் சபையையும் மீறி நிற்கும் ஆளுக்கு ஒருபோதும் விடுதலை கிடையாது. ஆஸ்திரியாவில் பிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர் என்ற விவசாயி ஹிட்லரின் படையில் சேர மறுத்தபோது, போய்ச் சேர் என்றே அவருடைய ஆயரும் புத்தி சொன்னார். 1943 ஆகஸ்ட் 9 அன்று அவர் தலை வெட்டப்பட்டது. 2007-இல் அதே கத்தோலிக்கத் திருச்சபை அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தது.

திருச்சபைகள் இந்தக் கணக்கில் அடிக்கடி தாமதமாகத்தான் வந்து சேர்கின்றன.

தேவிகாபுரம் வட்டாரத்துக்குத் திரும்பினால் வேறொரு விலைப்பட்டியல் தெரிகிறது. ஆரணி, அமெரிக்க ஆற்காடு மிஷனின் தொடக்ககால நிலையங்களில் ஒன்று. ஸ்கடர் சகோதரர்கள் 1853-இல் தொடங்கிய மிஷன் அது. தேவிகாபுரத்துக்கு அடுத்திருக்கும் சேத்துப்பட்டில் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையின் தராஸ் சாமியார் உழைத்தார். அங்குள்ள லூர்து மாதா கோயிலும் அவர் பெயரும் இன்றும் சேர்ந்தே பேசப்படுகின்றன. 1876 முதல் 78 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டி வடஆற்காட்டில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெரும்பாலும் சேரி மக்கள். கஞ்சிக்காக மதம் மாறியவர்கள் என்ற ஏச்சு அப்போதே பிறந்து இன்றுவரை உயிரோடு இருக்கிறது.

அந்த ஏச்சை 1950 ஆகஸ்ட் 10-க்குப் பிறகு சொல்வதில் பொருளே இல்லை. அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் உள்ளே சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே நிற்கிறார்கள். அதாவது, கஞ்சி இடம் மாறிவிட்டது. சபையில் இருப்பவருக்கு இழப்பு. சபையை விட்டு வந்தால் கல்வி உதவித்தொகை, தனித்தொகுதி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு என்று எல்லாம் உண்டு. 75 ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாக இந்த இழப்பைத் தெரிந்தே சுமந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்களை என்ன சொல்லி ஏசுவது?

இழப்பு எவ்வளவு சின்னதாகவும் எவ்வளவு கூர்மையாகவும் இருக்கும் என்பதற்குச் சென்னைச் செருப்புத் தொழிலாளி சூசையின் வழக்கு சாட்சி. தெருவோரம் உட்கார்ந்து செருப்புத் தைப்பவர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுக்கும் திட்டம் ஒன்றை 1982-இல் கொண்டுவந்தார்கள். அதே வெயிலில் அதே தொழிலைச் செய்த சூசைக்குக் கிடைக்கவில்லை, அவர் கிறிஸ்தவர் என்பதால். உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே இழிவும் அதே கொடுமையும் தொடர்கின்றன என்பதற்குப் போதுமான சான்று முன்வைக்கப்படவில்லை என்று 1985-இல் வழக்கு தள்ளுபடியானது. ஒரு மரப்பெட்டிக்காக உச்ச நீதிமன்றம் போன மனிதர், கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு. தாலுகா அலுவலகச் சான்றிதழில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பதிவேட்டில் இன்னொரு பெயர் என்று வாழும் குடும்பங்கள் வட தமிழ்நாட்டில் புதிதில்லை. 2024 நவம்பர் 26 அன்று புதுச்சேரி செல்வராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவ வழிபாட்டில் இருந்துகொண்டு இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்பின் மீதான மோசடி என்று கடுமையாகச் சொன்னது. சட்டத்தின் பார்வையில் அது சரியாக இருக்கலாம். ஆனால் கல்லூரி இடம் ஒன்றே ஒரு தலைமுறையைச் சேரியிலிருந்து வெளியே கொண்டுவரும் வீட்டில், பெயர்ப் பலகையை மாற்றிவைப்பதைக் கோழைத்தனம் என்று சொல்ல, இழப்பதற்கு எதுவுமில்லாத ஒருவருக்குத் தகுதி கிடையாது. தமிழக சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கேட்டுத் தீர்மானம் போட்டது. ஆணை மாறவில்லை.

இதுவரை சொன்னதில் பெரும்பான்மை வெளியே இருந்தது. தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் அதைவிட இறுகிய பெரும்பான்மை கோயிலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தது.

1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை முற்றாகக் கைவிட வேண்டும் என்று தென்னிந்திய சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் பெருங்கூட்டமாகச் சபையை விட்டு வெளியேறினார்கள். தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் அதற்கு முன்பே களத்தில் இருந்தார். புதிய பைபிள் மொழிபெயர்ப்பு, பூவைத் தடுப்பது, இசையைத் தடுப்பது, சாதி பாராமல் உட்காரவைப்பது என்று இளைய மிஷனரிகள் செய்தவற்றைக் கொடுமைகளாகவே அவர் பட்டியலிட்டார். அரசவையில் மதிப்பும் சபையில் செல்வாக்கும் பெற்ற கவிஞர் தன் நிலையில் கடைசிவரை உறுதியாக நின்றார். அவரும் தன் மனசாட்சிப்படிதான் நின்றார் என்பதில் சந்தேகமில்லை. அதிகாரத்துக்கு எதிராக நின்றவர் என்று அவரைப் பாராட்டத் தோன்றும். எதற்காக நின்றார் என்று பார்த்தால் கை தயங்கும். உறுதி மட்டும் ஒருவரை நியாயவானாக்காது என்பதற்கு இதைவிடச் சங்கடமான உதாரணம் தமிழில் கிடைப்பது அரிது.

மிஷன்களும் ஒரே குரலில் பேசவில்லை. மதுரை அமெரிக்க மிஷன் 1847-இல் எல்லோரும் சேர்ந்து உண்ண வேண்டும் என்று தேர்வு வைத்தது. மறுத்த உபதேசியார்கள் வேலை இழந்தார்கள். 1850-இல் சென்னை மிஷனரி மாநாடு சாதிக்கு எதிராகக் கூட்டறிக்கை விட்டபோது லைப்சிக் லுத்தரன் மிஷன் சேர மறுத்தது. சாதி சமூக வழக்கம், மெல்லத்தான் கரையும் என்றது. மெல்லக் கரையும் என்று சொன்னவர்களின் சபைகளில் மேல்சாதியார் தங்கினார்கள். உடனே விட வேண்டும் என்றவர்களின் சபைகளுக்குச் சேரியே வந்து சேர்ந்தது.

வடக்கன்குளத்தில் இந்தச் சண்டை கல்லும் சுண்ணாம்புமாகவே நின்றது. நெல்லைச் சீமையின் இந்தக் கத்தோலிக்க ஊரில் 1872-இல் கட்டிய திருக்குடும்பக் கோயிலுக்கு இரண்டு கைகள். இரண்டும் பீடத்தில் வந்து சேரும். ஒரு கையில் வேளாளர், மறு கையில் நாடார். ஒரே பூசை, ஒரே குரு. ஒருவரை ஒருவர் பார்க்காமல் வழிபடலாம். கால்சட்டை மாதிரி இருக்கிறது என்று கேலி பேசினார்கள். சேசு சபைக் குரு கௌசானல் 1910-இல் நடுச்சுவரை இடித்தார். வேளாளர் தரப்பு வழக்குத் தொடுத்தது: தனி இடம் தங்கள் பழைய உரிமை, சுவரைத் திரும்பக் கட்டித் தர வேண்டும். மைக்கேல் பிள்ளை வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் பதிவான அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அந்த ஊரில் அன்று சுவரை இடித்தவர் பக்கம் நின்றவர்களும் மனசாட்சி பேசினார்கள், சுவரைக் கேட்டவர்களும் மனசாட்சி பேசினார்கள்.

எறையூரில் 2008-இல் நடந்தது சுவர் இல்லாத வடக்கன்குளம். கள்ளக்குறிச்சி வட்டாரத்துக் கத்தோலிக்க ஊர். எண்ணிக்கையில் பெரிய தரப்பு வன்னியக் கிறிஸ்தவர்கள். சவ ஊர்வலப் பாதையிலும் கோயில் இருக்கையிலும் ஒதுக்கப்பட்டதாகச் சொன்ன தலித் கிறிஸ்தவர்கள், தங்கள் சகாய மாதா சிற்றாலயத்தைத் தனிப் பங்காக்கித் தரும்படி கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். மார்ச் 9 அன்று மோதல் வெடித்துப் போலீஸ் சுட்டதில் இரண்டு வன்னியக் கிறிஸ்தவர்கள் இறந்தார்கள். பட்டியல் சாதித் தகுதியைக் கிறிஸ்தவத்துக்காக இழந்த மக்கள், கிறிஸ்தவக் கோயிலுக்குள் சம இடத்துக்காகப் பட்டினி கிடந்தார்கள் என்பதைச் சூசை வழக்கின் 1985 தீர்ப்புக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். சான்று போதவில்லை என்று அன்று நீதிமன்றம் சொன்னதல்லவா?

வடக்கன்குளத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. நட்டாலத்தில் பிறந்து திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை, 1745 மே மாதம் தேவசகாயமாக ஞானஸ்நானம் பெற்றது அந்த ஊரில்தான். சாதி பாராமல் பழகினார் என்பதும் அவர் மீதான கோபத்துக்குக் காரணம் என்று திருச்சபை மரபு சொல்கிறது. 1749-இல் கைதாகி, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அலைக்கழிக்கப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுடப்பட்டார். 2022 மே 15 அன்று வத்திக்கான் அவரைப் புனிதர் ஆக்கியது. அதற்கு முந்தைய அறிவிப்பில் 'பிள்ளை' என்பதும் சேர்ந்தே வந்தது. சாதியைத் துறந்தவரின் பெயரில் சாதியா என்று தமிழகத்திலிருந்து கடிதங்கள் போயின. வத்திக்கான் அந்த ஒட்டை நீக்கியது. நீக்கியதை எல்லோரும் ஏற்கவில்லை. அது சாதிப் பெயரே இல்லை, அரசு தந்த பட்டம் என்ற வாதமும் உடனே கிளம்பியது.